நாற்றம் போன தொட்டி

தொட்டியில் நாற்றம் நின்றுபோனதை முதலில் கண்டுபிடித்தவன் ஹரிதாஸ்தான். மூடியை நெம்பித் தூக்கிவிட்டு, வழக்கம்போல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டவன், என்ன நினைத்தானோ, மறுபடியும் குனிந்து நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தான்.

"மாமா, நாத்தத்தக் காணோம்."

"ஊருக்கு பாலேக் கம்போங் போயிருக்கும்லா," என்றான் கணேஸ்வரன். "அதுவும் எத்தன வருசமா லீவு எடுக்காம வேல செய்யுது."

எல்லாரும் சிரித்தார்கள். வீராசாமியும் சிரித்தார்.

அது மலாக்காவில், புக்கிட் ரம்பாய் பக்கம், தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் நிலத்தடித் தொட்டி. பழைய தோட்டத்துக் குளத்திலிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்து இதில் தங்கி, பிறகு பிரிந்து போகும். வெள்ளைக்காரன் காலத்துக் குழாய். உள்ளே துரு. சிமெண்டுச் சுவரில் கறுப்பாக ஒரு வழவழப்பு. மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் மூக்கைப் பிடுங்கும். அந்த நாற்றம் அடங்குகிற வரைக்கும் ஒருவனும் ஏணியில் கால் வைக்கக் கூடாது என்பது வீராசாமியின் சட்டம். மூடியைத் திறந்துவிட்டு, காற்று ஊதும் புளோவரை ஓடவிட்டு, எல்லாரும் எதிர்ச்சாரிக் கடைக்குத் தே தாரிக் டீ குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வந்து முகர்ந்து பார்ப்பார்கள். நாற்றம்தான் அவர்களுக்குக் கடிகாரம்.

வீராசாமிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வெளியே வந்து, தொட்டியிலும் குழாயிலும் இறங்கிச் சுத்தம் செய்யும் குத்தகை வேலையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரை வைத்து ஒரு லாரியோடு ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த வேலையில் ஆள் போவது அதிசயமில்லை. மற்றக் கூட்டங்களில் போயிருக்கிறார்கள். ஆனால் "வீராசாமி கைக்குக் கீழ ஆள் செத்ததில்ல" என்பது புக்கிட் காத்தில் தாமான் குடியிருப்பு வரைக்கும் தெரிந்த பேச்சு. அதை நம்பித்தான் பெண்டாட்டிமார்கள் தங்கள் புருஷன்மார்களை அவர் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பேர் ஒன்றுதான் அவர் சம்பாதித்து வைத்திருந்தது.

மகள் புனிதாவிடமும் அதைத்தான் சொன்னார். கல்யாணமான புதிதில், லாரி வேலையில் இருந்த அவள் புருஷன் ஹரிதாஸைத் தன்னோடு சேர்த்துக்கொண்டபோது அவள் அழுதாள்.

"அவர குழிக்குள்ள எறக்குற வேலைக்குக் கூட்டிப் போகாதீங்கப்பா."

"என் கைக்குக் கீழ எவன்மா செத்தான்? ஒரு பேரச் சொல்லு, விட்டுர்றேன்."

அவளும் ஹரிதாஸை அவர் லாரியில் ஏற்றிவிட்டாள்.

நாற்றம் அடங்கிய பிறகு இன்னொரு வேலை உண்டு. பழைய பால் டின்னில் வெற்றிலையை விரித்து, அதன்மேல் சூடத்தை ஏற்றி, முனியாண்டியை நினைத்துக்கொண்டு கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்குவார் வீராசாமி. தோட்டத்தில் கிணறு தூர்வாரும் ஆட்களிடம் பழகிய பழக்கம். எரிந்துகொண்டே அடிவரைக்கும் போனால் உத்தரவு கிடைத்துவிட்டது. நடுவில் அணைந்தால் முனியாண்டிக்கு மனசில்லை. யாரோ சுத்தமில்லாமல் வந்திருக்கிறான். யாரென்று விசாரித்து, அவனை லாரிக்கு அனுப்பிவிட்டு, மஞ்சள் தண்ணி தெளித்து மறுபடியும் ஏற்றுவார்கள். ஒரு தடவை கணேஸ்வரன் வெள்ளிக்கிழமை கோழி தின்றிருந்தான். இன்னொரு தடவை ஒருவன் துக்க வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் வந்திருந்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. தேடினால் கிடைக்காத காரணம் ஏது?

தொட்டிக்கும் குழாய்க்கும் பொறுப்பாக இருந்த இஞ்சினியர் ரிதுவானுக்கு மட்டும் இது பிடிக்காது. மலாக்கா டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீதின் தம்பி மகன். மரியாதையான பையன்.

"நெருப்பு வேணாம்ணே. உள்ள கேஸ் இருந்தா வெடிச்சிரும்."

"உங்க பெரியப்பா கடைச் சூடந்தான் தம்பி. நல்ல சூடம்."

"பெரியப்பா விப்பாரு. குழிக்குள்ள எறக்கச் சொல்லி விக்கலையே."

அதிலிருந்து, ரிதுவான் நிற்கும்போது சூடம் வெளியே வராது. அவன் இல்லாத நாளில் வரும்.

அந்த ரிதுவான்தான் கிருமிகளைக் கொண்டுவந்தவன். தொண்ணூற்றொன்றில் மலாக்காவே வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு வரிசை பிடித்ததிலிருந்து, ஒழுகும் குழாய் என்றால் மேலே உள்ளவர்களுக்குப் பதைப்பு. குழாயைத் தோண்டி மாற்றக் காசில்லை. ஆகவே தொண்ணூற்றாறில், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று லேபில் உண்டாக்கிய கிருமியை இந்தத் தொட்டியிலும் குழாயிலும் விட்டுச் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. நீல டிரம்களில் வந்தது. திறந்தால் புளித்த மாவு மாதிரி ஒரு வாசம்.

ரிதுவான் எல்லாரையும் தொட்டி மூடியைச் சுற்றி நிற்கவைத்து விளக்கினான். இரும்பை அரிக்கிறதும், முட்டை நாற்றத்தை உண்டாக்குகிறதும் ஒரு வகைக் கிருமி. இந்தப் புதுக் கிருமி சுவரில் மெல்லிய தோலாகப் படர்ந்துகொண்டு அதை ஒட்டவிடாது, நாற்றத்தையும் தின்றுவிடும்.

"மண்ணுல கெடக்குற சாதாக் கிருமிதான். அதுல இன்னொண்ணோட குணத்த வெட்டி ஒட்டியிருக்காங்க. நம்ம தோட்டத்துல ரப்பர்க் கன்னுக்கு ஒட்டுக் கட்டுவாங்கள்ல, அது மாதிரி."

"பெர்மிட் இருக்கா தம்பி இதுங்களுக்கு?" என்றான் சன்னாசி. நாற்பதை நெருங்கியவன், கூட்டத்தில் அதிகம் பேசாதவன் அவன்தான். "வெளிநாட்டு ஆளுங்கன்னா இமிகிரேசன்காரன் வந்து புடிச்சிக்கிட்டுப் போவப் போறான்."

ரிதுவானும் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் குரலை மாற்றிக்கொண்டான்.

"ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. இது உசிரு. மூச்சு வாங்கும். தண்ணிய வடிச்சிட்டு மூடி வச்சா உள்ள இருக்குற காத்தெல்லாம் இதுவே குடிச்சிரும். நாத்தம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, புளோவர் போட்டுட்டுத்தான் எறங்கணும். வெளங்குதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள்.

"சம்பளம் கேக்காது, காத்து மட்டும் கேக்கும்," என்றான் கணேஸ்வரன். அந்தப் பேச்சு ரொம்ப நாள் ஓடியது. அதற்குள் இருந்த விஷயம்தான் யார் மனசிலும் தங்கவில்லை.

கிருமி சொன்னபடி வேலை செய்தது. துரு நின்றது. குழாய் ஒழுகுவது குறைந்தது. கறுப்பு வழவழப்பு போய், சுவரில் பாலேடு மாதிரி வெளிர் மஞ்சளாக ஒரு தோல் படிந்தது. நாற்றமும் போனது. அவர்களும் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். முதலில் தே தாரிக் நின்றது. நாற்றமே இல்லாதபோது எதற்குக் காத்திருப்பது? பிறகு புளோவர். அதை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஜெனரேட்டரும் கூடவே இறங்க வேண்டும். முகர்ந்து பார்ப்பார்கள், சூடம் இறக்குவார்கள், இறங்குவார்கள். தொட்டியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த ஆண்டு சீனப் பெருநாளுக்குத் தொழிற்சாலைகள் எல்லாம் ஒரேயடியாக மூடின. தண்ணீர் தேவையில்லாத நாட்கள். ஆகவே தொட்டியை வடித்து, கிருமிக்குத் தீனியான சீனிப்பாகைச் சுவர் முழுக்கக் கெட்டியாக அடித்து, மூடி போட்டு வைத்தார்கள். பெருநாள் முடிந்து வேலை தொடங்கியதும் சுவரிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு தேக்கரண்டி சுரண்டல்.

அன்றைக்குக் காலையில் ரிதுவான் வர முடியவில்லை. குருபோங்கில் எங்கோ குழாய் வெடித்து அங்கே மாட்டிக்கொண்டான். காவலாளியின் ஜாகா குடிசைக்குப் போன் பண்ணினான்.

"மத்தியானம் வந்துருவேன்ணே. நீங்க சுரண்டி போத்தல்ல போட்டு மட்டும் வைங்க. புளோவர மறந்துராதீங்க, மூடியே கெடந்த தொட்டி."

"போட்டுர்றோம் தம்பி. நீ அங்க பாரு."

சொல்லும்போது போடுவதாகத்தான் வீராசாமியின் மனசில் இருந்தது. வெளியே வந்து, மூடியைத் தூக்கி, முகர்ந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. கழுவிக் கவிழ்த்த பானைக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு ஈர வாசம், வேறொன்றும் இல்லை. புளோவர் லாரியிலேயே இருந்தது.

சூடத்தை ஏற்றினார். பால் டின் ஆடி ஆடி இறங்கியது. பாதி ஏணி தாண்டவில்லை. யாரோ இரண்டு விரலால் கிள்ளி எடுத்தது போலச் சுடர் போய்விட்டது.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"யாருடா சுத்தமில்லாம வந்தது?"

"நான் காலையில நாசி லெமாக் சோறுதான் அங்கிள் தின்னேன்," என்றான் கணேஸ்வரன். "அதுலயும் நெத்திலியப் பொறுக்கிப் போட்டுட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சன்னாசி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சன்னாசி?"

"அண்ணே... குருபோங்ல எங்க சித்தப்பா தவறிட்டாரு. பெருநாளுக்கு மொத நாளு. கருமாதி இன்னும் முடியல."

"பங்காளித் தீட்டுடா! பங்காளித் தீட்ட வச்சிக்கிட்டு வந்து மூடியில கை வச்சியா?"

"பெருநாள் முடிஞ்சி மொத வேல. வரலன்னா வேற ஆளப் போட்டுருவீங்கன்னு நெனச்சேன்ணே."

"போ. லாரிகிட்டப் போய் நில்லு. இந்தப் பக்கம் காலெடுத்து வைக்காத."

சன்னாசி போனான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த ஹரிதாஸ் மெதுவாகக் கேட்டான்.

"புளோவர எறக்கவா மாமா? எதுக்கும்..."

"நாத்தம் எங்கடா இருக்கு? எத ஊதி வெளியேத்தப் போற? அவன் செஞ்ச கோளாறுக்கு இவன் மிசினப் போடுறானாம். போத்தல எடு."

மஞ்சள் தண்ணி தெளித்தார்கள். மறுபடியும் சூடம். வீராசாமி டின்னை மூடிக்குக் கீழே இறக்கினார். எரிந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினார். எரிந்தது, ஆனால் சுடர் குறுகி நீலமாகி, திரியைச் சுருக்கிய விளக்கு மாதிரி ஆயிற்று. அவருக்கு அது தெரிந்தது. இன்னும் இறக்கியிருக்கலாம், கயிறு இருந்தது. இறக்கினால் அணைந்துவிடும் என்று கை சொல்லியது. அணைந்தால் இன்றைக்கு வேலை கிடையாது, ரிதுவான் தம்பி வந்து "ஒரு கரண்டி சுரண்டலையா?" என்று கேட்பான்; தீட்டுக்காரனை அனுப்பிய பிறகும் அணைந்தால், அடுத்தது யாரைப் பார்ப்பது? டின்னை மேலே இழுத்துக்கொண்டார்.

"உத்தரவு குடுத்துட்டாரு," என்றார்.

ஹரிதாஸ் போத்தலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுரண்டியைப் பல்லில் கடித்தபடி ஏணியில் இறங்கினான். பாதியில் நின்று, சுரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

"சுவரெல்லாம் பாயாசம் மாதிரி இருக்கு மாமா. புனிதா வச்ச பாயாசத்த விடத் தேவலாம்."

"இரு, சாயங்காலம் அவகிட்டச் சொல்றேன்."

சுரண்டும் சத்தம் கேட்டது. போத்தல் மூடி திறக்கும் சத்தம். பிறகு எதுவோ தரையில் விழுந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

"ஹரி?"

கணேஸ்வரன் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். "உக்காந்திருக்கான் அங்கிள். செவுத்துல சாஞ்சி உக்காந்திருக்கான். டேய் ஹரி, என்னாலா தூக்கமா?"

பதில் இல்லை. கணேஸ்வரன் எழுந்த வேகத்தில் ஏணியில் காலை வைத்துவிட்டான். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்து மல்லாக்க இழுத்துப் போட்டது. சன்னாசி. வரக்கூடாது என்று சொன்ன இடத்துக்கு வந்திருந்தான்.

"எறங்காதலா! நீயும் அங்கயே உக்காந்துருவ! புளோவர எறக்கு! அண்ணே, ஓடியாங்கண்ணே!"

லாரியிலிருந்து அதை எப்படி இறக்கினார்கள் என்று வீராசாமிக்குப் பிற்பாடு ஞாபகமில்லை. ஜெனரேட்டர் கயிறு இழுக்க இழுக்கப் பிடிக்கவில்லை. பெருநாள் முழுக்கச் சும்மா கிடந்த ஜெனரேட்டர். சன்னாசியின் கை கிழிந்து ரத்தம் வழிந்தது. பிடித்தபோது புளோவரின் பெரிய குழாயை உள்ளே தள்ளினார்கள். காற்று அடியைப் போய்ச் சேரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் வீராசாமி மூடியோரம் மண்டியிட்டு மருமகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சன்னாசிதான் இறங்கினான். இடுப்பில் கயிறு, காற்றுக் குழாயை முகத்தோடு அணைத்துப் பிடித்திருந்தான். ஹரிதாஸை மேலே எடுத்தார்கள். முகத்தில் ஒரு காயம்கூட இல்லை. சட்டைப் பைப் போத்தலில் சுரண்டல் இருந்தது.

மலாக்கா ஆஸ்பத்திரியில், சவக்கிடங்குக்கு வெளியே இருந்த பெஞ்சில் ரிதுவான் வீராசாமியைக் கண்டுபிடித்தான். ஓடி வந்திருந்தான். சப்பாத்தில் குருபோங் சேறு காயவில்லை.

"புளோவர் போட்டீங்களாண்ணே?"

வீராசாமி அந்தச் சேற்றையே பார்த்தார்.

"எங்கிட்ட போட்டுர்றோம்னீங்களேண்ணே."

"நாத்தம் இல்ல தம்பி."

ரிதுவான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். வீராசாமி தானாகவே சொன்னார். சூடம் ஏற்றியது, அணைந்தது, சன்னாசியின் தீட்டு, மறுபடி ஏற்றியது. கேட்கக் கேட்க ரிதுவானின் முகம் வெளுத்தது.

"அணைஞ்சுச்சா?"

"அணைஞ்சுச்சி. தீட்டு தம்பி."

"தீட்டு இல்லண்ணே." அவர் பக்கம் திரும்பினான். "நெருப்புக்கு வேண்டிய காத்துதான் மனுசனுக்கும். அங்க காத்து இல்ல. மூடி வச்ச நாளெல்லாம் அந்தக் கிருமி உள்ள இருந்த காத்தக் குடிச்சி முடிச்சிருக்கு. சூடம் அணைஞ்ச எடத்துக்குக் கீழ எறங்குனா யாரா இருந்தாலும் அவ்வளவுதான். நானா இருந்தாலும் அவ்வளவுதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மூடியப் போடாம வலை மட்டும் போடுங்கன்னு நானாவது சொல்லியிருக்கணும். நாத்தம் போனது நல்லதுன்னுதான் நானும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

வீராசாமிக்குப் பழைய நாட்கள் ஒவ்வொன்றாக வந்தன. சூடம் அணைந்த நாளெல்லாம் யாரையாவது விசாரித்து, திட்டி, அனுப்பி, மஞ்சள் தண்ணிக்கு ஆள் விட்டு, மறுபடி ஏற்றுவதற்குள் நேரம் போயிருக்கும். அதற்குள் திறந்த மூடி வழியாகத் தொட்டி காற்று வாங்கியிருக்கும். சூடம் மறுபடி எரிந்தது கோழி தின்றவனை அனுப்பியதால் அல்ல. அந்த நாட்களில் டின் அடிவரைக்கும் போனது. நேற்று வரைக்கும் அவர் ஒரு தடவைகூடப் பாதியில் இழுத்ததில்லை.

புக்கிட் காத்திலில், வீட்டு வாசலில் கூடாரம் போட்டு நாற்காலிகள் இறக்கியிருந்தார்கள். பிணம் வீட்டுக்கு வந்தபோதே கதையும் வந்து சேர்ந்திருந்தது. கணேஸ்வரன் அழுதுகொண்டே சொன்னதை ஆளாளுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

"மொதத் தடவ அணைஞ்சப்பவே தெரிஞ்சி போச்சாம்."

"கருமாதி முடியாம வேலைக்கு வந்திருக்கான் பாரு, எவ்வளவு தைரியம்!"

"அதோட விட்டானா? அந்தத் தீட்டோட குழிக்குள்ள எறங்கி அந்தப் புள்ளயத் தொட்டுத் தூக்கியிருக்கான். கொஞ்ச உசிரு இருந்திருந்தாலும் அப்பவே போயிருக்கும்."

ஹரிதாஸின் தாய் இருசம்மாள் மகன் காலடியில் கிடந்து சன்னாசியின் வம்சத்தையே சபித்துக்கொண்டிருந்தாள். சன்னாசி வாசல் கேட்டுக்கு வெளியே, சாக்கடைக் காண்டாவைத் தாண்டி நடுரோட்டோரம் நின்றான். கையில் கட்டு. அவன் மனைவி பெரியநாயகி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் பின்னால் நின்றாள். உள்ளே வராதே என்று சொல்லியிருந்தார்கள். அவர்களும் வரவில்லை, போகவும் இல்லை.

கோயில் தலைவர் வீராசாமியின் தோளில் கை வைத்தார்.

"உங்கமேல ஒரு குத்தமும் இல்லங்க. நீங்க முறையா செஞ்சிருக்கீங்க. ஆளத் தள்ளி வச்சிட்டுத்தான் எறக்கியிருக்கீங்க. உங்க கைக்குக் கீழ இன்னிவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல. இதுவும் உங்க கையால ஆனதில்ல."

நாற்காலியில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். வீராசாமிக்கு அது வெயிலில் கிடைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சம்பாதித்து வைத்த பேர் அப்படியே இருக்கும். லாரி ஓடும். சன்னாசிதான் எங்கேயும் வேலைக்குப் போக முடியாது. எந்த வீட்டு நல்லது கெட்டதுக்கும் போய் நிற்க முடியாது. அவன் பிள்ளைகளுக்குப் பெண் கேட்டுப் போகிற நாளிலும் யாராவது ஒருவர் இதை எடுத்துப் பேசுவார்கள். அவனே தான்தான் கொன்றோம் என்று நம்பிக்கொண்டு நிற்கிறான். நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது.

ரோட்டில் யாரோ ஒரு பையன் சன்னாசியை நோக்கி மண்கட்டியை எறிந்தான். சன்னாசி நகரவில்லை.

வீராசாமி எழுந்தார்.

"சன்னாசி ஒண்ணும் செய்யல," என்றார். கூடாரத்தில் தலைகள் திரும்பின. "தொட்டிக்குள்ள காத்து இல்ல. அந்தக் கிருமி குடிச்சிருச்சி. அதனாலதான் சூடம் அணைஞ்சது. தீட்டாலயில்ல. புளோவர் போடச் சொல்லி ரிதுவான் தம்பி போன் பண்ணிச்சி. போட்டுர்றேன்னு சொன்னேன். போடல. ஹரி கேட்டான், எறக்கவா மாமான்னு. வேணான்னேன். ரெண்டாவது சூடத்த நான் அடிவரைக்கும் எறக்கல. அணையப் போவுதுன்னு தெரிஞ்சி மேல இழுத்துட்டேன். நாந்தான்."

ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சினார்.

"பெரிய மனசுய்யா உங்களுக்கு," என்றார் கோயில் தலைவர். கண் கலங்கியிருந்தது. "மருமகனப் பறிகொடுத்துட்டு, அவனக் காப்பாத்தப் பாக்குறீங்களே."

"காப்பாத்தல. நடந்ததச் சொல்றேன்."

"கிருமியாவது காத்தக் குடிக்கிறதாவது. உக்காருங்க. யாராவது தண்ணி குடுங்கப்பா."

"அண்ணே!" கேட்டுக்கு வெளியிலிருந்து சன்னாசி கத்தினான். கைகூப்பியிருந்தான். "எனக்காகப் பொய் சொல்லாதீங்கண்ணே! நீங்க பழிய ஏத்துக்கிட்டா நான் எந்தச் சென்மத்துல கழுவுவேன்? நான் வந்திருக்கக் கூடாதுண்ணே!" அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

பெண்கள் சிலர் அழுதார்கள். வீராசாமியைப் பார்த்து அழுதார்கள்; அவருடைய நல்ல மனசுக்காக. ஒருத்தி அவருக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னார், இந்தத் தடவை சத்தமாக. அதிர்ச்சியில் புலம்புகிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

புனிதா பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். தகப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"எவ்வளவு தூரம் எறக்குனீங்க?"

அவருக்குப் புரிந்தது. சூடத்தை இறக்கிய ஆழம் இவ்வளவுதான் என்று கையைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"அவர் நின்ன எடம் எவ்வளவு ஆழம்?"

வீராசாமியின் கை கீழே விழுந்தது. கூடாரத்தில் இருந்தவர்கள் அவளைச் சமாதானப்படுத்த வாயெடுத்தார்கள்; அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் அழவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்து விடாமல் நம்பியவள் அங்கே அவள் ஒருத்திதான்.

கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போனாள். சன்னாசியின் கட்டுப்போட்ட கையைப் பிடித்து எழுப்பினாள். அவன் "வேணாம் தங்கச்சி, வேணாம்," என்று பின்வாங்கினான்.

"உள்ள வாங்கண்ணே. தூக்குறதுக்கு ஆள் வேணும்."

"அந்தப் பாவிய உள்ள விடாத!" என்று இருசம்மாள் அலறினாள். புனிதா திரும்பிப் பார்க்கவில்லை. சன்னாசியை அழைத்துவந்து பாடைப் பக்கம் நிறுத்தினாள். பிறகு கணேஸ்வரனைக் கூப்பிட்டாள். தகப்பன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருக்க, அவரைப் பார்க்காமல், அவனிடம் சொன்னாள்.

"அவர ஒதுங்கி நிக்கச் சொல்லு."

கணேஸ்வரன் சொல்லத் தெரியாமல் விழித்தான். சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீராசாமி நாற்காலிகளுக்கு நடுவே வழி விட்டு நகர்ந்தார். கோயில் தலைவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பெண்பிள்ளை துக்கத்தில் சொல்கிறது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.